பேச்சு, மொழி, செவித்திறன் அறிவியலை இளநிலையில் படிப்பது எப்படி: காதில் விழுந்ததை எழுதப் பழகுதல்

மூன்றாம் பருவத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் படங்களைக் காட்டி, அவன் சொன்ன சொற்களை ஒலிக்குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வாழைப்பழத்தின் படத்துக்கு அவன் சொன்ன சொல்லில் 'ழ' இல்லை. கடைசியில் 'ம்' என்று உதடு மூடவும் இல்லை. 'ழகரம் ளகரமாகிறது, இறுதி மெய் விடுபடுகிறது' என்று எழுதி, இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்க்காமலே, "நீ வீட்ல இதை எப்படிம்மா சொல்லுவே? சொல்லு பார்ப்போம்" என்றார். சொன்னேன். என் வாயிலும் 'ழ' வரவில்லை. கடைசியில் உதடு மூடவும் இல்லை. மூக்கின் வழியே ஒலிக்கும் ஓர் உயிரோடுதான் சொல் முடிந்தது. பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசி 'ம்' பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. சிறுவன் பேசியதில் பிழை ஏதும் இல்லை. நான்தான் அவன் சொன்னதைக் கேட்காமல், பாடநூல் எழுத்தில் இருப்பதைக் கேட்டிருந்தேன்.

இந்தப் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். எதிர்பார்த்ததை எழுதாமல் காதில் விழுந்ததை எழுதும் பழக்கம் கைவந்துவிட்டால், நான்கு ஆண்டுகளில் வரும் பாடங்களில் பாதி தாமாக ஒழுங்குபட்டுவிடும். அந்தப் பழக்கம் வராதவர்கள் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றாலும் நோயாளியின் முன்னால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சேர்வதற்கு முன்

இந்தியாவில் இந்தப் படிப்பின் பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. செவியியலும் பேச்சு-மொழி நோயியலும் இணைந்த இளநிலைப் பட்டம் இது. வகுப்பும் கிளினிக்குமாக மூன்று ஆண்டுகள், அதன்பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி என மொத்தம் நான்கு ஆண்டுகள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும்; மூன்றாவது பாடம் உயிரியலாகவோ, கணிதமாகவோ, கணினி அறிவியலாகவோ இருக்கலாம். உயிரியல் படிக்காதவர்களுக்கு முதல் பருவத்து உடற்கூறியல் கடினமாக இருக்கும், கணிதம் படிக்காதவர்களுக்கு ஒலியியல் கடினமாக இருக்கும். ஆக, யாரும் முழுச் சாதகத்தோடு உள்ளே வருவதில்லை.

அமெரிக்காவில் இத்துறையின் இளநிலைப் பட்டம் மேற்படிப்புக்கான வாசல் மட்டுமே. அங்கே பேச்சு-மொழி நோயியலில் பணியாற்ற முதுநிலைப் பட்டமும், செவியியலில் பணியாற்ற முனைவர் நிலைத் தொழில்முறைப் பட்டமும் வேண்டும். இந்தியாவிலோ இளநிலை முடித்தவரே இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்துகொண்டு நோயாளிகளைப் பார்க்கலாம். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று பெற்றோரிடம் சொல்லும் பொறுப்பு வந்து சேர்கிறது என்பதே இதன் பொருள். சேரும்போதே இதைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், 1983-இல் மும்பையில் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையில் நாடறிந்தவை. அவற்றில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிலும், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்திலும், வேறு சில தனியார் கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. தமிழக அரசு ஒதுக்கீட்டு இடங்கள் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வின் வழியே, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்பட்டு வந்துள்ளன.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்க வேண்டாம். நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்பதைக் கவுன்சிலின் இணையதளத்திலேயே சரிபாருங்கள். அனுமதி இல்லாத பட்டத்தால் பதிவு எண் கிடைக்காது. அதன்பின் ஒரு வேலைநாளில் நேரில் போய், புற நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வருபவர்கள் எத்தனை பேர், குழந்தைகளும் முதியவர்களும் கலந்து வருகிறார்களா, மாணவர்கள் நோயாளியோடு பேசுகிறார்களா அல்லது சுவரோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிறார்களா என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, செவித்திறனை அளக்கும் ஆடியோமீட்டரைக் (செவிமானியைக்) கடைசியாக எப்போது அளவீட்டுச் சரிபார்ப்புக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொன்னால் அது நல்ல துறை.

முதல் ஆண்டு: டெசிபலும் ககரமும்

முதல் ஆண்டில் மாணவர்களை அதிகம் மிரட்டுவது டெசிபல். அதை நேர்கோட்டு அளவாக நினைக்கும் வரை அது புரியாது. ஒலிச்செறிவு பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடுகிறது. நூறு மடங்கானால் 20 டெசிபல் கூடுகிறது. ஆகவே 60 டெசிபல் இரைச்சல் எழுப்பும் மிக்சி ஒன்றின் பக்கத்தில் அதே போன்ற இன்னொரு மிக்சியை ஓடவிட்டால் 120 டெசிபல் வராது, 63 தான் வரும். இந்த ஒரு கணக்கை மடக்கை அட்டவணையோடு நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், அதன்பின் எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

அடுத்துக் குழப்புவது பூஜ்ஜியம். செவித்திறனைப் பதியும் வரைபடமான ஆடியோகிராமில் 0 டெசிபல் என்பது நிசப்தம் அன்று. காது நலமாக உள்ள இளைஞர்கள் பலரைச் சோதித்து, அவர்களால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியின் சராசரியை அந்தக் கோட்டில் வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கூர்மையான காது உள்ளவருக்கு -5 என்றும் வரலாம். மேலும் நம் காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கூர்மையோடு கேட்பதில்லை. 250 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்க 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. அந்த வேறுபாட்டைக் கருவியே உள்ளுக்குள் சரிசெய்துவிடுவதால்தான் தாளில் பூஜ்ஜியக் கோடு நேராகத் தெரிகிறது.

ஒலிப்பியலுக்குத் தமிழ் பேசுபவர்களிடம் ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கப்பட்ட பிராட் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டு, 'கல்', 'பகல்', 'தங்கம்', 'அக்கா' என்னும் நான்கு சொற்களை உங்கள் குரலிலேயே பதிவுசெய்து அலைவரிப் படத்தை விரியுங்கள். 'கல்' என்பதில் காற்று முழுதாக அடைபட்டு, ஒரு சிறு வெடிப்போடு திறக்கிறது. 'பகல்' என்பதில் அடைப்பு முழுமையாக இல்லை. உரசலோ ஹகரச் சாயலோ தெரியும். 'தங்கம்' என்பதில் அடைப்பின்போதே குரல்நாண்கள் அதிர்வதைப் படத்தின் அடிப்பகுதியில் ஓடும் கரிய பட்டை காட்டும். 'அக்கா' என்பதில் அடைப்பின் நீளம் மற்றெல்லாவற்றையும்விட அதிகம். எழுத்தில் எல்லாம் ககரமே. தமிழர் இவற்றை ஒரே ஒலியாகக் கேட்பதற்குக் காரணம் காது இல்லை. இவை பொருளை மாற்றுவதில்லை என்பதை மனம் அறிந்திருப்பதுதான். ஒலியன், மாற்றொலி என்று பாடநூல் பத்துப் பக்கங்களில் சொல்வதை இந்தப் படம் பத்து நிமிடத்தில் விளக்கிவிடுகிறது. ஒரு பேச்சு-மொழி வல்லுநர் அந்த மனத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கப் பழக வேண்டும்.

தினம் பத்துச் சொற்கள் போதும். வீட்டில் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து (அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான்), ஒலிக்குறியீட்டில் எழுதி, அடுத்த நாள் எழுதியதைப் பார்க்காமல் மறுபடி கேட்டு எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். முதல் மாதத்தில் உங்கள் எழுத்தோடு உங்கள் எழுத்தே ஒத்துப்போகாது. அது இயல்பு.

உடற்கூறியலைப் படம் வரைந்துதான் படிக்க வேண்டும்; அதிலும் செயலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பன்னிரண்டாம் மண்டை நரம்பு நாக்கை அசைக்கிறது என்பதைப் படித்தால் மறந்துபோகும். அது ஒரு பக்கம் செயலிழந்தவர் நாக்கை நீட்டும்போது, நாக்கு பலவீனமான பக்கமாகவே சாய்கிறது என்பதைக் கையால் விசைகளை வரைந்து புரிந்துகொண்டால் மறக்காது. உள்காதிலுள்ள நத்தை எலும்பின் அடிப்பகுதி உச்ச அதிர்வெண்ணையும், நுனி தாழ்ந்த அதிர்வெண்ணையும் ஏற்கிறது. அந்தச் சுருளினுள் ஓடும் அலையை ஆராய்ந்ததற்காகவே கியார்க் வான் பெகெசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவ உளவியல், புள்ளியியல் ஆகியவற்றுக்கு வகுப்பைத் தவறவிடாமல் இருந்தாலே போதும்.

சோதனை அறையில்

தூய ஒலிச் செவிமானி சோதனையை இரண்டாம் பருவம் முடிவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். முறை எளியது. நன்றாகக் கேட்கும் காதில் தொடங்குங்கள். 1000 ஹெர்ட்ஸில் தெளிவாகக் கேட்கக்கூடிய அளவில் ஒலியைக் கொடுங்கள். அவர் கேட்டதாகக் காட்டினால் 10 டெசிபல் குறையுங்கள், காட்டாவிட்டால் 5 டெசிபல் கூட்டுங்கள். ஏறும் வழியில் குறைந்தது பாதித் தடவையாவது அவர் பதில் தரும் மிகக் குறைந்த அளவே அவருடைய செவிப்புல வாசல். பிறகு 2000, 4000, 8000 என மேலே போய், 1000-க்குத் திரும்பி வந்து மறுபடி சோதித்து, அதன்பின் 500, 250 எனக் கீழே இறங்குங்கள். அந்த மறுசோதனை முதலில் கிடைத்ததிலிருந்து 5 டெசிபலுக்கு மேல் மாறினால், நோயாளிக்கு உங்கள் விளக்கம் புரியவில்லை என்று பொருள். தயங்காமல் முதலிலிருந்து தொடங்குங்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

இந்த முறையை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். எஞ்சிய மாதங்கள் மூன்று செயல்களைப் பழகுவதில் போகும். முதலாவது, அறிவுறுத்தல். 'ஒலி கேட்டால் கை உயர்த்தவும்' என்று சொன்னால், பல முதியவர்கள் நன்றாகக் கேட்டால்தான் கை தூக்க வேண்டும் என எண்ணிக் காத்திருப்பார்கள். இல்லாத இழப்பு ஆடியோகிராமில் விழுந்துவிடும். "ரொம்ப மெதுவா, கேட்டுச்சோ கேக்கலையோன்னு சந்தேகமா இருந்தாக்கூடக் கையைத் தூக்குங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, தாளம். ஒரே இடைவெளியில் ஒலியைக் கொடுத்தால் நோயாளி கேட்காமலே எண்ணிக் கை தூக்குவார். உங்கள் தோளசைவைப் பார்த்தும் தூக்குவார்; ஆகவே அவரை உங்களுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள்.

மூன்றாவது மாஸ்கிங். ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி வலுவாக இருந்தால் மண்டையோட்டின் வழியே கடந்து மறு காது அதைக் கேட்டுவிடுகிறது. காதின் மேல் அமரும் சாதாரண ஹெட்ஃபோனில் அந்தக் கடப்புக்கு ஏறத்தாழ 40 டெசிபல் செலவாகிறது. எலும்பு வழிச் சோதனையிலோ செலவு ஏதுமில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு காது முற்றிலும் செவிடான ஒருவருக்கு மாஸ்கிங் இல்லாமல் சோதித்தால், அந்தக் காதும் ஓரளவு கேட்பதாக ஒரு பொய் வளைவு கிடைக்கும். அதை 'நிழல் வளைவு' என்பார்கள். மறு காதில் இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இங்கேயும் கேள்வி அதேதான்: தாளில் விழுந்த புள்ளி யாருடைய காது கேட்டது?

கருவி சார்ந்த சோதனைகள் வந்தபின் சில மாணவர்களுக்குச் செவிமானியின் மேல் அலட்சியம் வந்துவிடுகிறது. அது தவறு. 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்த, நத்தை எலும்பே எழுப்பும் மெல்லொலிகளை அளக்கும் ஓ.ஏ.இ. சோதனை ஒரு குழந்தைக்கு இயல்பாக வரலாம். அதே குழந்தைக்குச் செவி நரம்பின் மின்னலைகளைப் பதியும் பெராவில் அலையே வராமலும் போகலாம். நரம்பில் ஒத்திசைவு குலைந்திருக்கும் நிலை அது. ஓ.ஏ.இ. மட்டும் பார்த்து 'காது நன்றாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பினால், அந்தக் குழந்தைக்குப் பேச்சு வளரும் ஆண்டுகள் வீணாகும். பிறந்து ஒரு மாதத்துக்குள் வடிகட்டுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான கண்டறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட இலக்கு.

கிளினிக் குறிப்பேடு

கிளினிக்குப் போகும் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் கேட்டதும் பார்த்ததும் மட்டும்; இரண்டாவதில் நீங்கள் கருதியது; மூன்றாவதில் இன்னும் கேட்க வேண்டியது. நோயாளியின் பெயரை எழுதாதீர்கள், வயது போதும்.

எடுத்துக்காட்டாக, இரண்டரை வயதுக் குழந்தையின் தாய் இப்படிச் சொல்கிறார்: "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறதே இல்ல. டிவில விளம்பரம் போட்டா மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வந்துடுவான்." இது அப்படியே முதல் பத்தியில் போக வேண்டும். 'காது கேட்கிறது, ஆட்டிசம் இருக்கலாம்' என்பது இரண்டாம் பத்தி. தொடக்க நிலை மாணவர்கள் தாய் சொன்னதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறார்கள். விளம்பரம் ஒலி மிகுந்தது, தாழ்ந்த அதிர்வெண்கள் நிறைந்தது, திரையில் வெளிச்சமும் மாறுகிறது. உச்ச அதிர்வெண்ணில் செவித்திறன் குறைந்த குழந்தையும் அதற்கு ஓடி வரும். பேச்சு தாமதம் என்று எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் காதைச் சோதித்த பிறகே மற்றவை என்பது இத்துறையில் மீறக்கூடாத வரிசை.

முதியவர் ஒருவர் "பேசுறது கேக்குதுப்பா, ஆனா என்னன்னு விளங்கல" என்று சொன்னால், அதையும் சொல் மாறாமல் எழுதுங்கள். உயிரொலிகளின் வலுவெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. ச, த போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. மேல் பகுதி மட்டும் தேய்ந்தவருக்குப் பேச்சு இருப்பது தெரியும், சொல் பிரியாது. அவருடைய அந்த ஒரு வாக்கியமே ஆடியோகிராமின் சரிவை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. 'செவித்திறன் குறைபாடு என முறையிடுகிறார்' என்று எழுதினால் அந்தச் சரிவு காணாமற்போகும்.

பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்தவர்களிடம் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளி 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேசவில்லை, ஆனால் சொன்னது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. அந்தப் படம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுவதால், பேச முடியாத எல்லோருக்கும் புரிகிறது என்று நம்பிவிடுகிறார்கள். வீட்டாரும் "எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல" என்பார்கள். அவர்கள் பேசும்போது கையும் கண்ணும் சேர்ந்து பேசுகின்றன என்பதை அவர்கள் அறிவதில்லை. உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்க்காமல், "சன்னல் எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள்.

வட்டார வழக்கு பற்றி ஒரு சொல். மதுரைப் பக்கத்துக் குழந்தை 'வாளப்பளம்' என்றும் வடசென்னைக் குழந்தை 'வாயப்பயம்' என்றும் சொன்னால், அவர்கள் வீட்டு மொழியைச் சரியாகக் கற்றிருக்கிறார்கள். அதே ஐந்து வயதில் ஒரு குழந்தை காரைத் 'தார்' என்றும் கத்திரிக்காயைத் 'தத்திரிக்கா' என்றும் சொன்னால், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; பின்னண்ண ஒலி முன்னுக்கு வருகிறது என்று குறித்துக்கொண்டு மேலே சோதிக்க வேண்டும். கூட வந்த தாயையோ பாட்டியையோ அதே படங்களுக்குப் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

காது கேளாத பெற்றோர் தங்கள் குழந்தையோடு சைகையில் பேசுவதைப் பார்க்கும் வாய்ப்பும் வரும். அங்கே 'மொழி இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குழந்தைக்கு இந்தியச் சைகை மொழி தாய்மொழியாக இருக்கலாம். 2015-இல் தில்லியில் அதற்கென ஓர் ஆய்வு-பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அடிப்படைச் சைகைகளையாவது படிக்கும் காலத்திலேயே கற்றுக்கொள்வது, பிறகு அறைக்குள் வரும் பலரிடம் உங்களை அந்நியராக நிறுத்தாது.

பயிற்சி ஆண்டும் பதிவு எண்ணும்

நான்காம் ஆண்டில் ஒரே இடத்தில் முழு ஆண்டையும் கழிக்காமல், அரசு மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, மாவட்ட மறுவாழ்வு மையம் எனச் சுற்றிவரக் கேட்டு வாங்குங்கள். விழுங்கல் கோளாறுகளைப் பார்க்கத் தீவிர சிகிச்சைப் பிரிவே சிறந்த இடம். இருமல் இல்லாமலே நீர் மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும் என்பதை அங்கே ஒருமுறை கண்டவர், 'இருமவில்லை, ஆகவே பாதுகாப்பு' என்று பின்னர் ஒருபோதும் எழுத மாட்டார். சான்றிதழ் வேலையும் இந்த ஆண்டில் வரும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவர் கேள்வித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்புள்ளவர் காது கேளாதவர் என்றும் வகைப்படுகிறார்கள். சலுகைக்காக இழப்பைக் கூட்டிக் காட்ட முயல்பவர்கள் வரத்தான் செய்வார்கள். அவர்களைக் கண்டறியும் சோதனைகளை மூன்றாம் ஆண்டிலேயே கவனமாகப் படித்துவிடுங்கள். சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் சோதிக்கவும் பழகுங்கள், ஏனெனில் அவர்களில் சிலர் விளக்கம் புரியாத உண்மையான நோயாளிகள்.

முதுநிலையில் செவியியலும் பேச்சு-மொழி நோயியலும் தனித்தனிப் பட்டங்களாகப் பிரியும். எதில் போவது என்பதை மூன்றாம் ஆண்டு மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் குறிப்பேட்டை எடுத்து, முதல் பத்தி எந்த நோயாளிகளின் பக்கங்களில் நீளமாக இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி முடிந்ததும் முதல் வேலையாக மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதியுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த எண் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. உங்கள் கையொப்பத்தின் கீழே அந்த எண்ணோடு வெளியே போகும் முதல் அறிக்கையில், நோயாளி சொன்ன வாக்கியம் ஒன்றாவது அவர் சொன்னபடியே, தமிழில், மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும்.